கணக்குக்குக் கணக்கு வைத்தவர்கள்

விழா மலர் என்றால் சில படங்கள் கட்டாயம் இருக்கும். அடிக்கல் நாட்டும் படம், ரிப்பன் வெட்டும் டத்தோ, பொன்னாடை போர்த்திய முன்னாள் தலைவர்கள், கட்டட நிதிக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்தவர்களின் வரிசை. இந்தக் கட்டுரையோடு சேர்த்துப் போட அப்படி ஒரு படமும் கிடைக்காது. வானியல் நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது கொடைக்கானலையோ கிரீனிச்சையோதான் மனத்தில் வைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்குக் கட்டடம் இல்லை, தொலைநோக்கி இல்லை, வாசலில் காவலாளியும் இல்லை. அது ஒரு பதிவேடு. வானியலாளர்கள் தங்கள் ஆய்வுக்காக எழுதிய கணினி நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, எண் கொடுத்து, யார் எழுதியது, எங்கே கிடைக்கும் என்று குறித்து வைக்கும் பதிவேடு. ஆஸ்ட்ரோஃபிசிக்ஸ் சோர்ஸ் கோடு லைப்ரரி என்பது அதன் பெயர். நாம் வானியற்பியல் மூலநிரல் நூலகம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1999-இல் தொடங்கியது. 2024-இல் அதற்கு வெள்ளி விழா வயது.

வானியலாளர் என்றதும் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆள்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறார். இன்று அப்படிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆர்வலர்கள். சம்பளம் வாங்கும் வானியலாளர் பகலில் மேசைமுன் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார், அல்லது வேறொருவர் எழுதியதைத் திருத்துகிறார். தொலைநோக்கி கொடுப்பது எண்களை. அந்த எண்களிலிருந்து காற்றின் நடுக்கத்தைக் கழிப்பது, கருவியின் கோளாற்றைக் கழிப்பது, எஞ்சியதில் விண்மீன் எது சத்தம் எது என்று பிரிப்பது எல்லாம் நிரலின் வேலை. 2019 ஏப்ரல் 10 அன்று எம் 87 விண்மீன் திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தை உலகமே பார்த்தது. அந்தப் படத்தை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. பல கண்டங்களில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவுகளைச் சேர்த்து நிரல்கள் கட்டியெழுப்பிய படம் அது.

அப்படியானால் நிரலில் பிழை இருந்தால்? இதற்கு வானியலைவிட உயிரியலில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஜெஃப்ரி சாங் என்ற அமெரிக்க ஆய்வாளர் செல் சவ்வில் உள்ள புரதங்களின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு கண்டுபிடித்துப் பெரும் பெயர் பெற்றார். 2001 முதல் கட்டுரைகள் வரிசையாக வந்தன. 2006-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதே குடும்பத்துப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. சாங் தம் கணக்கைத் திரும்பப் பார்த்தார். தரவைச் சுருக்கும் ஒரு சிறு நிரல், வேறோர் ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்தது, இரண்டு நெடுவரிசைகளை இடம்மாற்றியிருந்தது. கூட்டல் குறி கழித்தலாகிவிட்டது. 5 ஆய்வுக் கட்டுரைகளை அவர் திரும்பப் பெற்றார். அந்நாளில் கட்டுரைகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் வல்லுநர்கள் பொதுவாக நிரலைப் பார்ப்பதில்லை. பார்க்கக் கேட்கும் வழக்கமும் இல்லை. கட்டுரையில் வாக்கியம் வாக்கியமாகக் குறை கண்டுபிடிப்பார்கள். முடிவைச் சமைத்துக் கொடுத்த நிரலைப் பற்றி ஒரு வரி: "எங்கள் ஆய்வகத்தில் எழுதப்பட்ட மென்பொருளைக் கொண்டு கணக்கிட்டோம்." அவ்வளவுதான்.

வானியல் பக்கத்தில் இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று புறப்பட்டவர்கள் இருவர். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நெமிரோஃப் ஒருவர். அன்றன்றைய வானியல் படத்தை 1995 முதல் நாள்தோறும் வெளியிட்டுவரும் இருவரில் அவரும் ஒருவர் என்றால் நம் வட்டத்தினருக்கு உடனே புரியும். காலையில் தேநீரோடு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் சிலருக்கு நாளே தொடங்குகிறது. மற்றவர் ஜான் வாலின். விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்று கணினிக்குள் நடத்திப் பார்ப்பவர். அப்போது அவர் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இருவரும் 1999-இல் அமெரிக்க வானியல் கழகத்துக்குத் தங்கள் திட்டத்தைச் சொன்னார்கள். திட்டம் எளிது. நிரல் எழுதியவர்கள் அதை எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் பாதுகாத்து எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

பிற துறைகளில் இது புதிதும் அல்ல. இயற்பியலாளர்களின் நிரல்களுக்கு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் 1969-லேயே ஒரு நூலகம் வைத்திருந்தது. கணிதக் கணக்கீட்டு நிரல்களுக்கு 1985-இல் நெட்லிப் வந்தது. ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் கேட்ட நிரல் பதில் அஞ்சலில் தானாக வந்துவிடும். புள்ளியியலாரின் ஆர் மொழிக்கு 1997-இல் கிரான் களஞ்சியம் வந்தது. வானியலாளர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். தரவைப் பகிர்வதில் முன்வரிசையில் நின்றவர்கள் என்பதால் இது சற்று வியப்பு. எந்த நாட்டுத் தொலைநோக்கி எடுத்த படத்தையும் எந்த நாட்டுக் கணினியும் படிக்கும்படி ஃபிட்ஸ் என்ற பொதுவடிவத்தை 1981-லேயே உலகுக்கு அறிவித்தவர்கள் அவர்கள். வத்திக்கான் நூலகம் தன் பழஞ்சுவடிகளை எண்மப்படுத்தவும் அதே வடிவத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. படத்துக்கு இருந்த மரியாதை அந்தப் படத்தைப் பக்குவப்படுத்தும் நிரலுக்கு இல்லை.

அனுப்புங்கள் என்று சொன்னார்கள். யாரும் பெரிதாக அனுப்பவில்லை. நல்ல நிரல்கள் சில வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் 9910.001 என்ற எண் கிளவுடி என்ற நிரலுக்கு உரியது. விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு மேகம் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிரும் என்று கணக்கிடும் நிரல் அது; கேரி ஃபெர்லண்ட் 1978-இல் கேம்பிரிட்ஜில் எழுதத் தொடங்கியது, இன்றும் புதுப்பதிப்புகள் வருகின்றன. 0003.001 என்பது ஃபோல்கர் ஸ்பிரிங்கலின் கேட்ஜெட். பேரண்டத்தின் பருப்பொருள் எப்படித் திரண்டு விண்மீன் திரள்களாயிற்று என்று கணக்கிடுகிறவர்களில் பலர் அதன் வழி வந்தவர்கள். இப்படிப்பட்டவை இருந்தும் சில ஆண்டுகளில் வரத்து நின்றுபோயிற்று. எண்ணிக்கை 40-ஐக்கூடத் தொடவில்லை. கடை திறந்திருந்தது, வியாபாரம் இல்லை. தமிழ்ச் சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களுக்கு இது பழகிய நிலைதான்: "படைப்புகள் வரவேற்கப்படுகின்றன" என்று அறிக்கை விட்டுவிட்டுக் கடைசித் தேதிவரை காத்திருப்போம், பிறகு நாமே வீடு வீடாகப் போவோம்.

ஏன் அனுப்பவில்லை? சோம்பல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கூச்சம். ஆய்வாளர் எழுதும் நிரல் தன் தேவைக்கு அவசரத்தில் எழுதியது. உள்ளே குறிப்பு இருக்காது, மாறிகளுக்கு வாயில் வந்த பெயர் இருக்கும், இரவு இரண்டு மணிக்குப் போட்ட ஒட்டுகள் இருக்கும். அதை ஊர் முன்னால் வைக்க யாருக்கும் மனம் வராது. நிக் பார்ன்ஸ் என்ற மென்பொருள் பொறியாளர் 2010-இல் 'நேச்சர்' இதழில் இந்தக் கூச்சத்தைத்தான் குறிவைத்து எழுதினார்: உங்கள் வேலைக்குப் போதுமானதாக இருந்த நிரல் வெளியிடவும் போதுமானதுதான் என்பது அவர் வாதம். இன்னொரு காரணம் கூச்சமும் இல்லை, சோம்பலும் இல்லை, கணக்கு. இரண்டு ஆண்டு செலவழித்து நல்ல நிரல் எழுதியவருக்கு வேலையும் கிடைக்காது, பதவி உயர்வும் கிடைக்காது. அதை வைத்து இரண்டு வாரத்தில் கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும். பல்கலைக்கழகம் எண்ணுவது கட்டுரைகளை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை. நிரலை மேற்கோள் காட்ட வழியே இல்லையென்றால் அதை எண்ணுவது எப்படி?

2010-இல் ஆலிஸ் ஆலன் பதிவேட்டின் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். நெமிரோஃபின் வானியல் படத் திட்டத்தைச் சுற்றி இயங்கிய தன்னார்வலர் அவர். பெயர் பெற்ற விஞ்ஞானியாக வந்தவர் அல்லர். வந்ததும் இரண்டு விதிகளைத் தலைகீழாக்கினார்.

அனுப்பக் காத்திருப்பதை நிறுத்தினார். ஆய்வு இதழ்களை எடுத்துக் கட்டுரை கட்டுரையாகப் படித்து, எந்த நிரலின் பெயர் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதன் இருப்பிடத்தைத் தேடி, எழுதியவருக்கு மடல் போட்டு, பதிவில் சேர்த்தார்கள். எழுதியவர் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்பட்ட நிரலா என்பது ஒன்றுதான் கேள்வி. அடுத்ததாக, நிரலை வாங்கி வைத்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டார்கள். அது எழுதியவரின் வீட்டிலேயே இருக்கட்டும், முகவரி நம்மிடம் இருந்தால் போதும். இந்த இரண்டாவது முடிவைப் பற்றி அந்தக் காலத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் தவறு என்றுதான் சொல்லியிருப்பேன். பொருள் இல்லாத கிடங்கு என்ன கிடங்கு? ஆனால் அதனால்தான் பதிவேடு பிழைத்தது. நிரல் நாளுக்கு நாள் மாறுவது. பழைய நகலைப் பூட்டி வைத்திருக்கும் நூலகத்தைவிட, புதிய பதிப்பு எங்கே என்று சரியாகச் சொல்லும் பதிவேட்டைத்தான் ஆய்வாளர் தேடி வருவார்.

பலன் விரைவில் தெரிந்தது. சில ஆண்டுகளில் பதிவுகள் நூற்றுக்கணக்கில் ஏறின. இப்போது 3,000-ஐத் தாண்டிவிட்டன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் டியூபன் ஆலோசனைக் குழுவின் தலைவராகத் துணை நின்றார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வானியல் கட்டுரைகள் அனைத்தையும் தொகுத்து வைத்திருக்கும் ஆர்வர்டு-ஸ்மித்சோனியன் தரவகம் இந்தப் பதிவுகளையும் கட்டுரைகளைப் போலவே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு நிரலை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ண முடிகிறது. வேலைக்கு மனுப் போடும் இளைஞர் தம் நிரலின் எண்ணையும் எழுதி, எதிரே எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்றும் எழுதலாம்.

ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம். எண் 1303.002. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், 2013 மார்ச். புள்ளிக்குப் பின் வருவது அந்த மாதத்தில் எத்தனையாவது பதிவு என்பது. நிரலின் பெயர் எம்சீ. கீழே எழுதியவர்களின் பெயர்கள், டேனியல் ஃபோர்மன்-மெக்கி தொடங்கி. பிறகு ஒரே ஒரு பத்தி: இது என்ன செய்யும், எந்த மொழியில் எழுதியது. பிறகு நிரல் இருக்கும் இடத்தின் முகவரி, அதை விளக்கும் கட்டுரையின் முகவரி, அதைப் பயன்படுத்திய கட்டுரை ஒன்றின் முகவரி. மேற்கோள் காட்டினால் எப்படிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவே. சங்கத்தின் உறுப்பினர் அட்டையில் இதைவிட அதிக விவரம் கேட்போம்.

இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள் அல்லது தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்ல எனக்கு ஆசை. ரப்பர் மரத்தின் கதையிலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு, அதில் நம் பேராக் மாநிலத்துக்கு முதல் பக்கத்தில் இடம்.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கன்றுகளை ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அந்த வழி வந்த விதைகளில் முளைத்த மரங்கள் ஒன்று போல் ஒன்று பால் கொடுக்கவில்லை. ஒரே நிறையில் ஒன்று கோப்பை நிறையக் கொடுக்கும், பக்கத்து மரம் அடியை மட்டும் நனைக்கும். நல்ல பால் மரத்தின் கண்ணை எடுத்து வேறு கன்றில் ஒட்டுக்கட்டினால் அந்த மரமே திரும்ப வரும் என்று கண்டுபிடித்த பிறகுதான் மரத்துக்குப் பெயர் தேவைப்பட்டது. பிறந்த தோட்டத்தின் பெயரும் ஓர் எண்ணும். ஜாவாவின் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது ஜிர் 1. முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள் சிலாங்கூரில் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தில் பிறந்தது பி.பி. 86; அந்தத் தோட்டம் இருந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. 1925-இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்த இரண்டையும் கலந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐ உருவாக்கியது. எந்த வகையை நம்பி நிறைய நடலாம், எதைச் சிறு அளவில் நட்டுப் பார்க்கலாம் என்று கழகம் அவ்வப்போது பட்டியல் வெளியிட்டது. கழகம் எல்லா மரத்தையும் தன் நிலத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மரம் தோட்டத்தில், பெயரும் வம்சமும் குணமும் பட்டியலில்.

பெயர் சரியாக இருந்ததால் மரம் கடல் கடந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பல்லாண்டு கோலோச்சிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற இந்திய வகையின் தாயும் தகப்பனும் யார்? ஜாவாவின் ஜிர் 1, மலாயாவின் கிளென்ஷீல் தோட்டத்து ஜி.எல். 1. கன்னியாகுமரியில் பால் வெட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த மரத்தில் நோய் வந்தால் அதன் வம்சத்தை ஆராய்ச்சியாளர் பார்த்துவிட முடியும், பதிவு இருப்பதால். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டின் முனையிலும் ஒரு தகரப் பலகை இருந்தது: நட்ட ஆண்டு, எத்தனை ஏக்கர், என்ன வகை. பலகையில் துரு ஏறி எழுத்து போனால் பெரிய கிராணி ஆள்விட்டு மறுபடியும் சாயம் அடிப்பார். சின்ன வயதில் அது எனக்கு வெட்டி வேலையாகப் பட்டது. செம்பனை வந்தபோது மரத்தோடு பலகையும் போயிற்று.

சரி, வானத்துக்குத் திரும்புவோம். பதிவேடு வளர்ந்ததும், இதனால் நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஆலனும் தோழர்களும் கணக்கெடுத்தார்கள். 2015-இல் வெளிவந்த 166 வானியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு அவற்றில் வரும் மென்பொருள்களைத் தேடினார்கள். தனித்தனியாக 285 நிரல்கள் பயன்பட்டிருந்தன. அவற்றில் 58 விழுக்காட்டுக்கு மூலநிரல் இறக்கிக்கொள்ளக் கிடைத்தது. அதோடு, ஓர் இதழின் கட்டுரைகளில் கொடுத்திருந்த 2,558 இணைய முகவரிகளையும் தட்டிப் பார்த்தார்கள். மிக நல்ல நாளில் 90 விழுக்காடு திறந்தன. கட்டுரை வந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில் பத்துக்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. 2018-இல் வெளியான இந்த ஆய்வுக்கு ஷ்ரோடிங்கரின் பூனையை வைத்து வேடிக்கையாகத் தலைப்புப் போட்டிருந்தார்கள்: பெட்டியைத் திறக்கும்வரை நிரல் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. 58 என்பதை நல்ல மதிப்பெண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துக்கு நாலு நிரல்களின் முடிவுகள் "என்னை நம்புங்கள்" என்ற ஒரே சொல்லில் நிற்கின்றன என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்தப் பத்தாண்டில் வேறு கைகளும் சேர்ந்தன. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம் 2013-இல் செனோடோவைத் தொடங்கியது. எந்த ஆய்வாளரும் தம் நிரலின் ஒரு பதிப்பை அங்கே வைத்து நிலையான எண் வாங்கிக்கொள்ளலாம். 2016 நிரல் எழுதுகிறவர்களுக்கு நல்ல ஆண்டு. நிரலை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதற்குப் பொது நெறிகள் வந்தன. நிரலையே கட்டுரை போல் மதிப்பிட்டு வெளியிடும் இதழ் ஒன்றை ஆர்ஃபன் ஸ்மித் தொடங்கினார். அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் மென்பொருளுக்கென்று தனிக் கொள்கை வகுத்தன. பிரான்சில் ரோபெர்த்தோ தி கோஸ்மோ சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற பெருங்கிடங்கைத் திறந்தார். உலகில் வெளியான மூலநிரல் எல்லாவற்றையும் வாங்கி வைப்பது அதன் நோக்கம், யுனெஸ்கோவும் துணை. ஆலன் விட்டுவிட்ட கிடங்கு வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். முகவரிப் புத்தகமும் கிடங்கும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நிரல் பகிர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்திய வானியலே ஒரு நல்ல கதை வைத்திருக்கிறது. புனேக்கு வடக்கே கோடாத் என்ற ஊரில் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ கிண்ணங்கள் இருக்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்பார்கள். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவர். 2010 முதல் 2012 வரை ஜி.எம்.ஆர்.டி. வானத்தின் பெரும்பகுதியை 150 மெகாஹெர்ட்சில் வரிசையாகப் பதிவு செய்தது. பதிவு செய்தாயிற்று, ஆனால் அந்த அலைவரிசையில் வளிமண்டலத்தின் மேல் அடுக்கு ரேடியோ அலைகளை வளைத்து நெளித்துவிடும், ஊரில் ஓடும் எந்திரங்களின் இரைச்சல் வேறு. பெரும்பகுதிப் பதிவுகள் படமாகாமல் கிடந்தன. அதற்கு முன்பே நெதர்லாந்தின் லைடனில் ஹுயிப் இன்டெமா தம் முனைவர் பட்டத்துக்காக, சரியாக இந்த நெளிவைத் திருத்தும் ஸ்பாம் என்ற நிரலை எழுதியிருந்தார். பெயர்தான் குப்பை அஞ்சலை நினைவுபடுத்தும். அவரும் பிரசாந்த் ஜெகந்நாதன், குணால் மூலி, டேல் ஃப்ரெயில் ஆகியோரும் அந்த நிரலை வைத்துக் கிடப்பில் கிடந்த பதிவுகள் முழுவதையும் மறுபடியும் ஓட்டினார்கள். 2017-இல் வானத்தின் 90 விழுக்காட்டை மூடும் படங்கள் வெளிவந்தன, சுமார் 6,20,000 ரேடியோ மூலங்களின் பட்டியலோடு. தொலைநோக்கி புதிதல்ல, பதிவும் புதிதல்ல. நிரல் கை மாறியது, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது சென்னை நினைவு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் நடத்திய சென்னை வானாய்வகத்தில் தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் நிலைகளைப் பட்டியலிட்டு 1844-இல் வெளியிட்டார். அங்கே பின்னால் வந்த நார்மன் போக்சன் 1862 தொடங்கிக் கால்நூற்றாண்டு அளந்து குவித்தார். அவர் காலத்திலேயே, 1867-இல், உதவியாளர் ரகுநாதாசாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். ஆனால் போக்சன் அளந்தவற்றில் பெரும்பகுதி கணக்குப் போட்டு முடிக்கப்படாமல், அச்சேறாமல் நின்றது. அவர் 1891-இல் மறைந்தபின் மிச்சி ஸ்மித் அவற்றைத் தொகுத்து வெளியிட வேண்டியிருந்தது. அளவு குவிவதும் கணக்கு பின்தங்குவதும் நூற்றாண்டுப் பழக்கம் போலும்.

இனி நம் வீட்டுக் கணக்கு. தமிழ்க் கணிமையின் தொடக்கப் பக்கங்களில் மலேசியாவுக்குப் பெரிய இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார்; 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆனால் 1990-களில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த விழா மலர்க் கோப்புகளை இப்போது திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலைவர் வாழ்த்துரை இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிளறியது போல் வரிகள் வரும். புத்தகம் கையில் இருக்கிறது, கோப்பு செத்துவிட்டது. அதை உயிர்ப்பிப்பது அந்த எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரல் ஒன்று. சுரதாவின் பொங்குதமிழ் அப்படிப் பல கோப்புகளைக் காப்பாற்றியது. தன்னார்வலர்கள் கூடி எழுதிய எ-கலப்பை, உலகெங்கும் தமிழரைத் தமிழில் தட்டச்ச வைத்தது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய இலக்கியத்தை மின்னூலாக்கியபோது ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. இவற்றை எழுதியவர்கள் பலர் சம்பளமின்றி, அலுவலகம் முடிந்த இரவுகளில் எழுதினார்கள். விழா மேடைகளில் கவிஞருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். எழுத்துரு மாற்றி எழுதிய பிள்ளையின் பெயர் மலரில் எங்கேயும் வருவதில்லை. இந்த மலரில்கூட, பழைய ஆண்டு மலர்களிலிருந்து எடுத்துப் போட்டிருக்கும் பக்கங்கள் அப்படி ஒரு மாற்றியின் வழியாகத்தான் வந்தன. எதன் வழியாக என்று நன்றியுரையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகம் வந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் ஆய்வேடு எழுதுகிறார்கள். வானியலே படிக்க வேண்டும் என்பதில்லை. நீர்ப்பாசனக் கணக்கானாலும் மொழியியல் கணக்கானாலும் யாரோ ஒருவரின் நிரல் உள்ளே ஓடுகிறது. கருவி, வேதிப்பொருள், நூல் எல்லாவற்றையும் எழுதிவிட்டு நிரலை விட்டுவிடுகிறார்கள், மேற்பார்வையாளரும் கேட்பதில்லை. நிரலின் பெயர், பதிப்பு எண், எழுதியவர், பதிவு எண் இருந்தால் அதுவும் என நான்கு விவரம் ஒரே வரியில் அடங்கிவிடும். பைதான் மொழியில் வானியல் கணக்குப் போடுகிறவர் என்றால் பெரும்பாலும் ஆஸ்ட்ரோபை பயன்படுத்தியிருப்பார். அதன் பதிவு எண் 1304.002, குறித்துக்கொள்ளலாம்.

தாமே எழுதிய நிரல் வைத்திருப்பவர்கள், அது ஏதேனும் வானியல் கட்டுரைக்குப் பயன்பட்டிருந்தால், பதிவேட்டுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. பெயர், எழுதியவர்கள், என்ன செய்யும் என்று ஒரு பத்தி, நிரல் இருக்கும் முகவரி, அதைப் பயன்படுத்திய கட்டுரை. ஆசிரியர்கள் பார்த்துவிட்டு எண் கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் மடல் எழுதிக் கேட்பார்கள். குறிப்பு எழுதாத நிரலா, மாறிகளுக்கு வாயில் வந்த பெயரா, பரவாயில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் மூவாயிரத்தில் அப்படிப்பட்டவை நிறைய.